குருவி வீட்டின் நான்காவது மாடி

நம்ப வேண்டாம். நம்புங்கள் என்று கெஞ்சவும் போவதில்லை. எங்கள் ஊர் முவாரா லிந்தாங்குக்கு வாருங்கள். ஆற்றுமுனையில் நிற்கும் குருவி வீட்டுக்குள் ஒரே ஒரு மணி நேரம் தனியாக இருந்து பாருங்கள். அதற்கப்புறம் என்னைப் பொய்யன் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நடந்தது நடுராத்திரியில்கூட இல்லை. வியாழக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு மேல்.

குருவி வீடு என்றதும் ஏதோ கூண்டு என்று நினைத்துவிடாதீர்கள். தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு மாடி கான்கிரீட் கட்டடம். ஜன்னல் என்பதே கிடையாது. எச்சிலால் வெள்ளைக் கூடு கட்டும் குருவிகளுக்கு இருட்டுதான் பிடிக்கும். அவை வந்துபோக உச்சி மாடிச் சுவரில் ஒரு சதுர ஓட்டை. குருவிகளை இழுக்க, வெளியே ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் நாள் முழுக்க அலறும். கீழே ஒரே ஒரு இரும்புக் கதவு. மூன்று பூட்டு, மூன்றும் வெளிப்பக்கம். சூப் வைத்துச் சாப்பிடும் அந்தக் கூட்டுக்கு அவ்வளவு விலை, அவ்வளவு திருட்டுப் பயம். மாதம் ஒரு முறை அறுவடைக்கு மட்டும் திறப்பார்கள்.

அறுவடைக்காரர்களான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். பூட்டுகிறவர் வாசலைப் பார்ப்பார். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. கிடக்காவிட்டால் பூட்டிவிடுவார். வேறு கேள்வி கிடையாது.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். அன்று என்னுடையது புதுச் செருப்பு. ஓதம் ஏறினால் தண்ணீர் வாசல்வரை வந்துவிடும். புத்தி கெட்டுப்போய், செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னடா ஜும்ரான், குருவிக்குப் புதுச் செருப்பு காட்டப் போறியா?" என்றான் மிஸ்ரான். எனக்கும் அவனுக்கும் பத்து வருடக் கூட்டு வேலை.

"போன மாசம் ஆத்தோட போனது என் செருப்புடா. உன்னோடதா?"

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கூடைகளைப் படகில் ஏற்றினோம். அப்போதுதான் கூடு பெயர்க்கும் சுரண்டியை மூன்றாம் மாடியிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் மேலே ஓடினேன். மிஸ்ரான் தனிப் படகில் வந்திருந்தான். சஹ்ருல் அண்ணனிடம் பெரிய படகு. பூட்டுக்கும் சாவிக்கும் அவர்தான் பொறுப்பு. அவருடன் நான் போயிருப்பேன் என்று இவன் நினைத்தான். இவனுடன் போயிருப்பேன் என்று அவர் நினைத்தார்.

சுரண்டியைக் கையில் எடுத்தேன்.

டங்ங்...

க்ளக். க்ளக். க்ளக்.

விழுந்தடித்துக்கொண்டு ஏணியில் இறங்கினேன். கதவை உதைத்தேன். "சஹ்ருல் அண்ணே! அண்ணே!" தொண்டை கிழியக் கத்தினேன். வெளியே ஒலிபெருக்கி அலறுகிறது, யாருக்குக் கேட்கும்? படகு எஞ்சின் சத்தம் தேய்ந்து அடங்கியது. என் கைக்கடிகாரத்தில் மணி மூன்று இருபத்திரண்டு.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தேன், வியர்த்துவிட்டது. ராத்திரிக்குள் என்னைத் தேடுவார்கள். எங்கே தேடுவார்கள்? ஆற்றில். எங்கள் பக்கம் ஆள் காணாமல் போனால் முதலை என்றுதான் அர்த்தம். குருவி வீட்டு வாசலில் செருப்பு இல்லை, அதனால் இங்கே யாரும் வரமாட்டார்கள். அடுத்து திறப்பது ஒரு மாதம் கழித்து. போன் வீட்டில், உள்ளே கொண்டுவரத் தடை. அன்று நோன்பு வேறு. விடியலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லை. வீட்டில் என் மனைவி மஸ்தோராவுக்கு ஏழாம் மாசம். அவளை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

ஒரே வழி இருந்தது. ஐந்தரைக்கு இறால் படகுகள் திரும்பும். உச்சி மாடி ஓட்டையில் தலையை நீட்டிக் கத்தினால் யாராவது பார்ப்பார்கள். இருட்டுவதற்குள் செய்ய வேண்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

மூன்றாம் மாடி. மணி நான்கு ஐந்து.

கர்... கர்... கர்...

தலைக்கு மேல். நான்காம் மாடியில்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பலகையிலிருந்து கூட்டைச் சுரண்டும் சத்தம். மூன்று இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், பிறகு கூடு விழும். தொப். என் சுரண்டி என் கையில் இருக்கிறது. மிஸ்ரானின் சுரண்டி மிஸ்ரானோடு போய்விட்டது.

கர்... கர்... கர்...

தொப்.

திருடன்தான், ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். திருடனாவது மனுஷன்தானே!

"யாரு மேல?"

சுரண்டல் நின்றது.

"பூட்டிட்டாங்களா தம்பி?"

காய்ந்துபோன குரல்.

"ஆமா. நீங்க யாரு?"

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"எந்த வியாழன்?"

ஏணித் துவாரத்தில் தெரிந்த கொஞ்ச வெளிச்சத்தை ஏதோ மறைத்தது. பிறகு விலகியது.

"பசிக்குதா? இங்க நெறைய இருக்கு."

நறுக்... நறுக்...

என் காலடியில் ஒன்று விழுந்தது. டார்ச் அடித்தேன். வெள்ளைக் கூடு. பாதியைக் காணோம். ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

ஈரமாக இருந்தது.

எப்படிக் கீழே வந்தேன் என்று கேட்காதீர்கள். கதவில் முதுகை ஒட்டி உட்கார்ந்தேன். ஐந்து முப்பத்திரண்டுக்கு இறால் படகுகள் போயின. எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்டது. வெளியேற ஒரே வழி மேலே. மேலே அது. ஏணிப் பக்கம் கால் நகரவே மாட்டேன் என்றது. படகுகள் போய்விட்டன. பைத்தியக்காரன் மாதிரி அழுதேன்.

ஐந்து ஐம்பது. குருவிகள் கூட்டமாக உள்ளே வந்தன. வீடு முழுக்க இறக்கைச் சத்தம்.

டார்ச் மங்கியது... அணைந்தது.

டிங்.

ஏணிப் படி.

டிங்... டிங்...

ஒரு ஏணிக்குப் பதினான்கு படி. எண்ணினேன். பதினான்கு. நிறுத்தம்.

மூன்றாம் மாடி.

மறுபடி பதினான்கு.

இரண்டாம் மாடி.

"தம்பி."

கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

"கதவு திறந்தா... என்னையும் கூப்பிடு."

டிங்.

"கூப்பிடுவியா?"

"கூப்பிடுறேன்... சத்தியமா கூப்பிடுறேன்."

டிங்... டிங்...

ஏழு எண்ணினேன்.

எட்டு.

ஒன்பது...

க்ளக்!

என் முதுகுக்குப் பின்னால். க்ளக். க்ளக். கதவு திறந்தது. வெளியே மல்லாக்க விழுந்தேன். சஹ்ருல் அண்ணன் நின்றிருந்தார். ஆறு நாற்பத்தொன்று.

"பூட்டுங்க! பூட்டுங்கண்ணே!" என்று கத்தினேன். ஆம், நான்தான் கத்தினேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தி மூன்று பூட்டையும் போட்டார். ஒரு சாவி கீழே விழுந்தது.

உள்ளேயிருந்து...

தட்.

தட்.

இரண்டு பேருக்கும் கேட்டது. இரண்டு பேரும் படகில் ஏறினோம்.

நோன்பு திறக்க நான் வராததால் மஸ்தோரா மிஸ்ரான் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். ஊரே கிளம்பியிருக்கிறது. பதினைந்து படகுகள் விளக்கோடு ஆற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. சஹ்ருல் அண்ணன் ஒருவர் மட்டும், யாரிடமும் பேசாமல், நேராகக் குருவி வீட்டுக்கு வந்திருக்கிறார்.

அதுதான் என்னை அரித்தது. மூன்று நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எல்லாரும் ஆத்துல தேடுறப்போ உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே தெரிஞ்சுது?"

மனைவியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பஹ்ரான்னு ஒருத்தன் வேலை பார்த்தான். நீ சேர்றதுக்கு முன்னாடி. முதலை இழுத்துட்டுப் போச்சுன்னு ஊரே தொழுகை நடத்துச்சு" என்றார். "அவனும் உள்ளதான்டா இருந்திருக்கான். நான்தான் பூட்டினேன்."

சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அடுத்த மாசம் வியாழக்கிழமை திறக்க வேண்டியது. மச்சினன் கல்யாணம். ஒரு நாள்தானேன்னு வெள்ளிக்கிழமை காலையில போனேன். தனியாத்தான் போனேன். கதவுக்குப் பின்னாலயே கிடந்தான். பயந்துபோய் நானே ஆத்துல விட்டுட்டேன்."

ஒரு மாதம். பாவம், எத்தனை நாளில் உயிர் போயிருக்கும்? மூன்று நாள்? ஐந்து நாள்? அதைத்தான் கேட்டேன்.

சஹ்ருல் அண்ணன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தூக்கினப்போ உடம்பு சூடா இருந்துச்சு, ஜும்ரான்."