தொண்ணூற்றெட்டு டிகிரி

கட்டட வரைபடம் போடுவதில் அவளுக்குப் பதினாறு வருடப் பழக்கம். பொறியாளர்கள் கிறுக்கித் தரும் காகிதத்தைப் பார்த்ததுமே எந்தக் கதவு எதில் முட்டும், எந்தப் படி எங்கே இடிக்கும் என்று சொல்லிவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்றே பட்டப்பெயர். அந்த அலுவலகத்தை விட்டு அவள் வந்ததற்குக் காரணம் சம்பளமும் இல்லை, சண்டையும் இல்லை; ஒரு கம்ப்யூட்டர். நேற்று சேர்ந்தவர்களுக்கெல்லாம் புது மெஷின். அவளுக்கு மட்டும், ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் போல ஒரு பழசு. மூன்று முறை கேட்டாள். நான்காம் முறை கேட்கவில்லை; ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டாள்.

வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிவானதும், பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே ஒன்றைப் பூட்டினாள்.

"ரெடிமேடா ஒண்ணு வாங்கிட்டா தலைவலி இல்லல்ல?" என்றார் கணவர்.

"அடுத்தவங்க குடுத்தத வச்சு ஓட்டினது போதுங்க. இது எனக்குன்னு நான் பாத்துப் பாத்து செஞ்சதா இருக்கட்டும்."

முதல் நாளே அது உயிர் பெற்று எழுந்தது. சின்னச் சின்ன வரைபடங்களுக்குப் பறந்தது. ஒரு மாதம் கழித்து, ஒரு கான்ட்ராக்டர் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் உட்புறப் படங்கள் பன்னிரண்டு கேட்டார். நிஜப் புகைப்படம் போலவே இருக்கவேண்டிய படங்கள். ஒவ்வொன்றுக்கும் மெஷின் மணிக்கணக்கில் மூச்சுப் பிடித்து ஓட வேண்டும். அப்போதுதான் வினை ஆரம்பித்தது. ஓடத் தொடங்கிய சில நொடியில் பிராசசரின் வெப்பம் தொண்ணூற்றெட்டு டிகிரிக்கு எகிறியது. சூடு தாங்காமல் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இரண்டு மணி நேர வேலை ஏழு மணி நேரத்துக்கு இழுத்தது. இரண்டு முறை, படம் முடியும் தறுவாயில் மொத்தமாகவே அணைந்து போனது.

கணவரின் தம்பி கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறவன். போனில் கேட்டதுமே தீர்ப்பு சொன்னான்.

"காத்து பத்தல அண்ணி. முன்னாடி ரெண்டு ஃபேன் போடுங்க, சரியாயிடும்."

போட்டாள். தொண்ணூற்றெட்டு.

"அப்ப பேஸ்ட் சரியா தடவியிருக்க மாட்டீங்க."

பிராசசருக்கும் அதன்மேல் உட்காரும் கூலருக்கும் நடுவில் பூசும் பசை அது. கழற்றி, துடைத்து, புதிதாகப் பூசி, மறுபடி பூட்டினாள். தொண்ணூற்றெட்டு. பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு மேஜை ஃபேனை எதிரே வைத்தாள். தொண்ணூற்றேழு. அந்த ஒரு டிகிரியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பிராசசரே கோளாறா இருக்கலாம் அண்ணி. இல்லன்னா மதர்போர்டு."

"இல்லன்னா வீடா? இல்லன்னா நானா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன்டா!" என்று கத்திவிட்டு போனை வைத்தாள்.

மறுநாள் காலை கான்ட்ராக்டர் கூப்பிட்டார். "மேடம், எத்தனை படம் ரெடி?"

"மூணு சார். மெஷின் சூடாகி அடிக்கடி நின்னு போகுது."

"தப்பா நினைக்காதீங்க. மிச்சத்த வேற ஆள்கிட்ட குடுத்துக்கறேன்."

அவள் மேஜையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தாள். எதிரே அந்த மெஷின் மட்டும் யாரும் கேட்காத நான்காவது படத்தை உருட்டிக்கொண்டிருந்தது. கோபத்தில் அதைத் தட்டப் போனவள், திறந்திருந்த பக்கத்தின் வழியே கூலரின் தகடுகளில் விரலை வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

விரலை எடுக்காமல் திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. உள்ளே கொதிக்கிறது, அந்தச் சூட்டை வாங்கி வெளியே தள்ளவேண்டியது இங்கே குளிர்ந்து கிடக்கிறது. சூடு மேலே வரவே இல்லை. வராத சூட்டை ஆற்றத்தான் நாலு நாளாக ஃபேன் மேல் ஃபேனாக வைத்திருக்கிறாள்!

மெஷினை அணைத்து, கூலரைக் கழற்றினாள். பூசிய பசை நடுவில் மேடாக, பூசிய மாதிரியே நின்றது. நன்றாக அழுந்தியிருந்தால் அது மெல்லிய படலமாகப் பரவியிருக்க வேண்டும். முன்பு கழற்றியபோதும் இதே மேட்டைத்தான் பார்த்திருக்கிறாள்; பார்த்துவிட்டு, அவசரமாகத் துடைத்துப் போட்டிருக்கிறாள்.

கூலர் வந்த பெட்டியைக் கவிழ்த்தாள். மிச்சமிருந்த பொட்டலத்தில், கூலரை போர்டில் நிறுத்திப் பூட்டுவதற்கான நான்கு சிறிய பித்தளைக் கால்கள். பூட்டியிருந்தவற்றில் ஒன்றைக் கழற்றி, பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றுதான். அளந்தாள்: பூட்டியிருந்தது ஒரு மில்லிமீட்டர் கூடுதல் உயரம். அது வேறு வகை போர்டுக்கானது. கூலர் அந்தக் கால்களின்மேல் நின்றுகொண்டிருந்ததே தவிர, பிராசசர்மேல் உட்காரவே இல்லை.

"ஒரு மில்லிமீட்டர்," என்றாள் சத்தமாக. அடுத்த அறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"ஊரான் வரைபடத்துல அரை மில்லிமீட்டர் தப்ப கண்டுபிடிப்பேன். என் மெஷின்ல ஒரு மில்லிமீட்டர் தெரியல. கூலரோட வந்த இந்தப் புக்க பாருங்க. ரெண்டு காலும் ஒரே படம், ஒரே உயரம். ஒரு அளவு கிடையாது, ஒரு எழுத்து கிடையாது. இப்படி ஒரு படம் நான் போட்டிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க!"

அவர் புத்தகத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

குட்டைக் கால்களை மாற்றிப் பூட்டி, அதே படத்தை ஓடவிட்டாள். வெப்பம் அறுபத்தொன்பதில் போய் நின்றது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் படம் முடிந்தது. அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. ஒன்பது படங்கள் கைவிட்டுப் போனபிறகு வந்த அறுபத்தொன்பதை வைத்து என்ன செய்வது?

கோபம் ஆறாமல், இரண்டு கால்களையும் அளவோடு சரியாக வரைந்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து கான்ட்ராக்டரே கூப்பிட்டார். "மேடம், சின்ன வேலை ஒண்ணு. ஆறு படம். உங்க மெஷின் இந்தத் தடவை தாங்குமா?"

அந்தக் கேள்வி சுருக்கென்றது.

"தாங்கும் சார். ஆனா நீங்க சொல்ற நாள விட ரெண்டு நாள் கூடுதலா வேணும்," என்றாள். மெஷினுக்குத் தேவையில்லாத இரண்டு நாள்தான். இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.