எழுதுகிறவள் வெளியே போனபோது

கூட்ட நாளில் கோப்பைகளை எல்லினா லிகோங்வேதான் கழுவுவாள். கழுவ ஆள் உண்டு. ஆனால் அவன் கழுவினால் சோப்பு வாடை நிற்கும், பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள், அந்தப் பேச்சையும் அவள்தான் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே ஆராய்ச்சி அலுவலகத்துப் பின்புறக் குழாயடியில் நின்று ஒவ்வொன்றாகக் கழுவித் துணியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து சிப்பெரோனி என்ற குளிர்காலத் தூறல் இறங்கியது. தண்ணீரில் விரல்கள் மரத்துப் போயின. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வைசன் இறந்ததிலிருந்து பல விஷயங்கள் அவளுக்கு அப்படித்தான் இருந்தன. வைசன் பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டியவர். அடக்கம் முடிந்த கையோடு அவருடைய அண்ணன் தம்பிகள் வண்டியோடு வந்து, செத்தவர் பொருள் தங்களுக்கே என்று சோபாவையும் தொலைக்காட்சியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லினா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சோபா நிலையில் இடிக்காமல் இருப்பதற்காக. குடியிருப்புப் பெண்கள் இன்றும் அதைச் சொல்லுவார்கள். "அழக்கூட இல்லடி. கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கன்னு அவளே வழி சொன்னா."

அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். ஆராய்ச்சி அலுவலகத்தில் அவள்தான் எழுத்தர். எங்கள் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் சொந்தப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைக்கும். ஆசிரியரோ அலுவலரோ, யாராவது புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க நினைத்தால் கேட்கலாம். புதுமை நிதி என்று பெயர். அறிவிப்பைத் தட்டச்சு செய்வது எல்லினா. 'ஆசிரியர்களும் அலுவலர்களும் விண்ணப்பிக்கலாம்' என்ற வரியை வருஷா வருஷம் அவள் விரல்கள்தான் அடித்தன. அலுவலர் யாரும் விண்ணப்பித்ததில்லை. அவளும் அதை அடிக்க வேண்டிய ஒரு வரியாகவே நினைத்திருந்தாள்.

இந்த வருஷம் மெர்விஸின் பிரச்சினை வந்தது. எல்லினாவின் ஒரே மகள் மெர்விஸ், மாணவிகள் விடுதியில் தரை துடைக்கிறாள். குழந்தையின் தகப்பன் வேலை தேடி ஜோகன்னஸ்பர்க் போய், அங்கே சிம் கார்டை மாற்றிக்கொண்டுவிட்டான். பிரசவ விடுப்பு முடிந்ததும் மெர்விஸ் குழந்தை லுசுங்குவை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு துடைக்கப் போனாள். ஈரத்தில் வழுக்கி முழங்கால் அடிபட விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் பார்த்துவிட்டார்.

"இனிமே பிள்ளையோட வராதே. மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்குள்ள பிள்ளைக்கு ஒரு இடம் பாரு. இந்த வேலைக்கு எத்தனை பேரு வாசல்ல நிக்கிறாங்கன்னு உனக்கே தெரியும்."

அப்போதைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அவளும் மாதக் கடைசியில் புருஷனோடு லிலோங்வேக்குக் குடிபோகிறாள். கூலிக்கு ஆள் வைத்தால் மெர்விஸின் சம்பளம் அந்த ஆளுக்கே சரியாகிவிடும்.

ஒரு மாலை இன்சிமாவுக்குச் சோளமாவு கிண்டிக்கொண்டே மெர்விஸ் சொன்னாள். "நூலகத்துக்குப் பின்னாடி அந்த அறை சும்மாதானே கிடக்கு. ஒடைஞ்ச நாற்காலிக்கு இடம் இருக்கு, என் பிள்ளைக்கு இல்ல. நீதான் புரொபசருங்களுக்கெல்லாம் பணம் வாங்கிக் குடுக்கிறியே, எனக்கும் கொஞ்சம் வாங்கிக் குடேன்."

"நான் எங்க வாங்கிக் குடுக்கிறேன். டீ குடுக்கிறேன்."

"அப்ப டீயில எதையாவது கலந்து குடு."

எல்லினா சிரிக்கவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதினாள். உடைந்த நாற்காலிகளை அகற்றுவது, சுவருக்குச் சுண்ணாம்பு, கதவுக்குப் பூட்டு, பாய்கள், பார்த்துக்கொள்ள ஒரு பெண். பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் எந்தத் தாயும் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், நடுவில் வந்து பால் கொடுக்கலாம். எழுதி முடித்து மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்து வைத்தாள். வரிசையில் அது ஏழாவதாக அமைந்தது.

புதுமை நிதிக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களே புதுமை நிதிக்கு விண்ணப்பிப்பதும் உண்டு. சின்னப் பல்கலைக்கழகம், வேறு யாரைக் குழுவில் போடுவது? அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யாருடைய விண்ணப்பம் பேச்சுக்கு வருகிறதோ அவர் எழுந்து போய் வராந்தா பெஞ்சில் உட்கார வேண்டும். பேசி முடித்தபின் கூப்பிடுவார்கள். பெஞ்சுக்குப் போவது என்று அதற்குப் பெயர். எல்லினா பதிவேட்டில் எழுதுவாள்: விண்ணப்பதாரர் அறையை விட்டு வெளியேறினார். பிறகு பேசியதையும் முடிவையும் எழுதுவாள். பிறகு: விண்ணப்பதாரர் திரும்பினார். அனேகமாக எல்லா முடிவும் ஒன்றுதான். இவர் போனால் அவர் ஆதரிப்பார், அவர் போனால் இவர்.

அன்றும் அப்படித்தான் நடந்தது. தலைவர் பேராசிரியர் நசோம்பே, மீன் பண்ணைத் திட்டத்துக்காக முதலில் பெஞ்சுக்குப் போனார்.

"போய்ட்டு வாங்க சார், நாங்க உங்களைக் கொஞ்சம் கிழிச்சுத் தைக்கிறோம்" என்றார் வேதியியல் துறைக்காரர்.

"தைச்ச இடம் தெரியாம இருக்கணும்யா. எல்லினாம்மா, இவங்க என்ன சொன்னாலும் நல்லதா எழுதுங்க."

அவர் திரும்பி வந்தார். வேதியியல்காரர் போனார், வந்தார். டாக்டர் கொண்ட்வே போனார், வந்தார்; குழுவில் அவர் ஒருவர்தான் பெண். எல்லினா தேநீர் ஊற்றினாள், எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரத் தட்டை நகர்த்தினாள், எழுதினாள். ஏழாவது வந்தது.

நசோம்பே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஓ! இது நம்ம அம்மாவோடதா?"

"அப்ப அம்மாவும் பெஞ்சுக்குப் போகணுமே!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள்.

எல்லினா பேனாவை நோட்டின் மேல் குறுக்காக வைத்துவிட்டு எழுந்தாள். பெஞ்சு பேராசிரியர்கள் உட்கார்ந்ததில் சூடாக இருந்தது. கதவு வழியாகக் குரல்கள் கேட்டன.

"இதுல புதுமை எங்கய்யா இருக்கு? பிள்ளை பெறுறது ரொம்பப் பழைய தொழிலாச்சே!" சிரிப்பு.

"நீங்க பெத்துப் பாத்திருந்தா இப்படிப் பேசமாட்டீங்க" இது டாக்டர் கொண்ட்வே. மறுபடி சிரிப்பு. பிறகு யாரோ தாழ்ந்த குரலில் நீளமாகப் பேசினார்கள். அந்த அறை கட்டடப் பிரிவின் கையில் இருக்கிறது என்றோ என்னவோ. தகரக் கூரையில் தூறல் சத்தம். அவளுக்குப் படபடப்பு வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. "வாங்கம்மா, வாங்க! ஊருக்கெல்லாம் மண்டாசி நீங்கதான் வாங்கித் தரணும்!"

எல்லோரும் சிரித்த முகமாகப் பார்த்தார்கள். வேதியியல்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் இடத்தில் உட்கார்ந்தாள். பேனா வைத்தபடியே குறுக்காகக் கிடந்தது. தாள் வெறுமையாக இருந்தது. அவள் பார்த்தாள். "சரி, எட்டாவது" என்றார் நசோம்பே. அப்போதே கேட்டிருக்கலாம். எட்டாவது என்று எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் மெர்விஸ் கேட்டாள். "என்னம்மா ஆச்சு?"

"சிரிச்சாங்க. கை குடுத்தாங்க."

அவ்வளவு போதுமாக இருந்தது மெர்விஸுக்கு. குழந்தையைத் தூக்கிக் கூரையைத் தொடுமளவு உயர்த்தினாள். மறுநாள் மேட்ரனிடம் அறை கிடைத்துவிட்டதென்று சொல்லிவிட்டாள். விடுதியில் இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் பாய் கேட்டார்கள்.

பதிவேட்டை எல்லினா தட்டச்சு செய்து நிதிப் பிரிவுக்கு அனுப்பினாள். அங்கே இருக்கும் கச்சாலே அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வந்தார். நல்ல மனிதர். வைசனோடு வார இறுதியில் பல்லாங்குழி மாதிரியான பாவோ ஆடியவர். ஒரு தணிக்கையில் மாட்டிக்கொண்டு மீண்டபின் தாளில் இல்லாததை நம்புவதில்லை.

"அம்மா, இதென்ன ஏழாவதுல? விண்ணப்பதாரர் வெளியேறினார். விண்ணப்பதாரர் திரும்பினார். நடுவுல?"

"நடுவுல நான் உள்ள இல்ல சார்."

"தெரியுது. நடுவுல யாரு எழுதுனா?"

"யாரும் எழுதல."

"ஏன்?"

"எழுதறது நான்தானே."

கச்சாலே சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். "படிச்சவங்க அத்தனை பேரு உக்காந்திருந்தாங்க, ஒருத்தருக்கும் பேனா புடிக்கத் தோணலையா! மன்னிச்சுக்கங்கம்மா, சிரிக்கக் கூடாது. ஆனா முடிவு இல்லாம நான் பணம் விடமுடியாது. நீங்களே எழுதி அனுப்பினாலும் முடியாது. உங்க விண்ணப்பத்துக்கு நீங்களே முடிவு எழுதினா, என்னைத் தூக்கி வெளிய போட்டுருவாங்க. தலைவர்கிட்ட வாங்கிட்டு வாங்க."

தலைவர் வேலையாகப் பிளான்டைர் நகருக்குப் போயிருந்தார். அதற்குள் மற்றவர்களைக் கேட்டு வைப்போம் என்று எல்லினா போனாள். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், மகளை விசாரித்தார்கள். டாக்டர் கொண்ட்வே, "முழுசாக் குடுத்தோம், வேற என்ன?" என்றார். வேதியியல்காரர், "முதல்ல சுண்ணாம்புக்கும் பூட்டுக்கும் மட்டும், பாத்துட்டு மீதின்னு பேசினதா ஞாபகம்" என்றார். குழுவில் இருந்த நூலகர், "கட்டடப் பிரிவைக் கேக்கணும்னு நான் சொன்னேன், எல்லாரும் தலையாட்டினாங்க, அப்புறம் உங்களைக் கூப்பிட்டுட்டாங்க" என்றார். ஒவ்வொருவரும் சொன்னதை அவள் மனதில் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. வழியில் நின்று ஒரு கட்டுக் கீரை வாங்கினாள்.

அன்றிரவுச் சாப்பாட்டில் மெர்விஸ் விடவில்லை. "எல்லாரும் ஆதரவுன்னா எழுதிக் குடுக்க என்ன?"

"என்னன்னு எழுதறது?"

"குடுத்தோம்னு எழுது!"

"அதை நான் எழுதக் கூடாது."

"எல்லாத்துக்கும் ஒரு கூடாது வெச்சிருக்க. சோபா போனப்பவும் இப்படித்தான் நின்ன." சொன்ன பிறகு மெர்விஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லினா மகள் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரை வைத்தாள்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நசோம்பே வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அன்று காலையே மூட்டைகளோடு கிளம்பிவிட்டாள். மேட்ரன் திங்கட்கிழமைக்கு மெர்விஸின் இடத்தில் வேறு ஆள் பேசிவிட்டதாக விடுதியிலிருந்து சேதி வந்திருந்தது. அறை உறுதி என்று தாளில் காட்டினால் அந்த ஆளைத் திருப்பி அனுப்புவாராம். எல்லினா கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"வாங்கம்மா, வாங்க. நம்ம பிள்ளைக் கூடம் எப்படி இருக்கு?"

"ஆரம்பிக்கல சார். முடிவு எழுதல."

"எழுதிடுங்களேன். நான் கையெழுத்துப் போடுறேன். பேனா இருக்கா?"

"கச்சாலே சார் நான் எழுதக் கூடாதுங்கிறாரு."

"அவரு கிடக்காரு. சரி, நான் சொல்றேன், என் துறை டைப்பிஸ்ட் எழுதட்டும். ஏழாவது விண்ணப்பம்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாருமே நல்லாப் பேசினாங்கம்மா. ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசல."

"தெரியும் சார்."

"எல்லாருக்கும் உங்க மேல மரியாதை."

"முழுசாவா சார்? சுண்ணாம்புக்கு மட்டுமா? இல்ல, கட்டடப் பிரிவைக் கேக்கறதா?"

அவர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். சன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை, தூறல்தான் இருந்தது. அடுத்த கூட்டம் பட்டமளிப்புக்கு அப்புறம்தான் வரும் என்று ஏதோ முணுமுணுத்தார்.

"சார்" என்றாள் எல்லினா. அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கு நான் வெளிய இருந்தப்ப, நீங்க என்ன முடிவு பண்ணீங்க?"

நசோம்பே மேசையிலிருந்த காகிதங்களை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்தினார். அவற்றில் ஒன்றை எடுத்து வாசிப்பது போலப் பார்த்தார். எல்லினா நின்றாள். அவர் தலை நிமிரவில்லை. அவள் திரும்பி நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.