சனிக்கிழமைக் கொப்பி

கரைவலை இழுக்கக் கூலிக்குப் போனவன் சொந்த வலைக்காரனாவது அந்தக் கரையில் ஆயிரத்தில் ஒருவனுக்கு வாய்க்கும். பஸ்தியானுக்கு வாய்த்தது. வாய்த்தது என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "வாய்க்கயில்ல, நான் உழைச்சு எடுத்தன்" என்பார். இரண்டாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்த மனிதருக்கு நாற்பது வயதில் இரண்டு வலை, ஒரு தோணி, முப்பது ஆள்; அவர்களுக்கு அவர் சம்மாட்டி. போதாததற்கு மாதா கோயில் மூப்பர் என்ற பட்டமும். அவர் கரையில் நடந்து வந்தால் உட்கார்ந்திருப்பவன் எழுந்துவிடுவான். எழாதவனை அவர் எழுப்பிவிடுவார்.

சிலாபக் கரை வலைக்காரர்கள் ஐப்பசியில் குடும்பத்தோடு மாம்புரிக்கு வந்து ஓலைவாடி கட்டித் தங்கி, பங்குனி கழிந்த பிறகே ஊர் திரும்புவார்கள். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட ஆண்டு, புறப்படும் நேரத்தில் ஊர்ச் சுவாமியார் ஒரு முட்டுக்கட்டை போட்டார். ஆறு மாதம் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை எழுத்தையும் மறக்கும், ஞானோபதேசத்தையும் மறக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு உயிர்ப்புத் திருநாளான பாஸ்குவுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கமாட்டேன் என்றார். பஸ்தியானின் மூத்த மகள் யூஜீனியாவுக்குப் பத்து வயது. அன்றைக்குப் போடும் வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுத்தாகிவிட்டது.

"சுவாமி, பள்ளிக்கூடத்தை நான் வாடிக்குக் கொண்டு போறன்" என்றார் பஸ்தியான். "மாசா மாசம் பிள்ளையள் எழுதின கொப்பி உங்கட கைக்கு வரும். பாருங்க."

சொன்னபடியே செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை யூஜீனியாவும் ஏழு வயது மக்டலினும் அன்றன்று கண்ட ஒன்றைச் சிலேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதியதைத் தாய் அனஸ்தாசியாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு அழிக்கலாம். அவளுக்கு எழுத்துத் தெரியாது, காது தெரியும். சனிக்கிழமை பின்னேரம், வலை காயப் போட்டதும், கவிழ்த்த பெட்டியில் மைக்கூட்டை வைத்துக் கொப்பியில் ஒரு பக்கம்.

முதல் சனிக்கிழமை யூஜீனியா, "எங்கள் கிராமம் மிக அழகானது. சோலையிலே மயில் ஆடும்" என்று எழுதி வாசித்தாள்.

"மயில் எங்க ஆடினது?"

"புத்தகத்தில, அப்பா."

"வாடியில என்ன ஆடினது?"

மக்டலின் முந்திக்கொண்டாள். "கயித்தில கருவாடு ஆடினது."

"அதை எழுது" என்றார் பஸ்தியான். "நடந்ததை எழுதுங்க. நடக்காததை எழுதினா பொய். கொப்பியில பொய் எழுதினா பாவம்."

நாலைந்து வாரம் உட்கார்ந்து கேட்டார். பிறகு பொறுமை போய்விட்டது. பிள்ளை வாசித்துத் தகப்பன் கேட்பது மரியாதையாகவும் படவில்லை. கொப்பியைத் தாமே வாங்கி, வலைக்கண்ணி அளக்கும் மட்டப்பலகையை வரிகளுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்து ஒரே உயரமா, பக்கம் நிறைந்ததா என்று பார்த்து, அடியில் கையெழுத்துப் போடுவார். அச்செழுத்தென்றால் எழுத்துக் கூட்டி வாசிப்பார். மகளின் கூட்டெழுத்து அவர் கண்ணுக்குக் கொசுக் கூட்டம்.

கருவாடு வாங்க வரும் எத்தாளை ஊர் முஸ்லிம் வியாபாரி சாஹுல் ஹமீதுதான் கொப்பியைச் சுவாமியாருக்குச் சேர்ப்பிக்கிறவர். "சம்மாட்டி, அவ்வளவையும் இப்பவே வாசிச்சிட்டீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"வலையில எங்க கண்ணி அறுந்திருக்கு எண்டு பாக்க எனக்கு ஒரு பார்வை போதும், ஹமீது நானா. இதென்ன பெரிய வேலை?"

தை மாதத்தில் அருளப்பு என்ற இன்னொரு வலைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலை வளைத்துவிட்டார். கர்த்தருடைய நாளில் வலை நனைவது அந்தக் கரையில் பெரிய குற்றம். மூப்பர் பஸ்தியான் பட்ட மீனையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுக்கச் செய்து, வயதில் தம்மைவிட மூத்த மனிதரை வாடியில் கட்டியிருந்த ஓலைக் கோயில் வாசலில், செபமாலை முடியும்வரை, எல்லார் முன்னிலையிலும் முழங்காலில் நிறுத்தினார்.

மூன்று வாரம் சென்றது. ஒரு ஞாயிறு வாடி முழுவதும் பூசைக்குத் தலவில் கோயிலுக்குப் போனது. மக்டலினுக்குக் காய்ச்சல் என்று பஸ்தியான் வீட்டார் மட்டும் நின்றார்கள். காய்ச்சல் பிள்ளைக்கல்ல. முதல் நாள் மாலையே கரையோரம் பாரை மீன் கூட்டம் கறுத்துக் கிடந்ததை அவர் கண்டிருந்தார், அந்தக் காய்ச்சல். சின்ன இழுவலையை எடுத்தார். ஒரு கயிற்றை அவர் பிடிக்க, மறு கயிற்றை அனஸ்தாசியாவும் பிள்ளைகளும் பிடித்தார்கள். மீனை மறைக்கச் சாஹுல் ஹமீதைத் தாமே போய் அழைத்து வந்தார்.

"இண்டைக்கு உங்கட நாள் அல்லவா, சம்மாட்டி?"

"உங்கட வெள்ளிக்கிழமையப் பத்தி நான் கேட்டனா? அள்ளுங்க நானா."

பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இதை ஒருத்தரிட்டயும் கதைக்கப்படாது" என்றார். யூஜீனியா தலையாட்டினாள். அவள் யாரிடமும் கதைக்கவில்லை. சனிக்கிழமை எழுதினாள். கதைப்பதற்குத்தானே தடை, எழுதுவதற்குத் தகப்பன் போட்ட சட்டம் வேறு. பஸ்தியான் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தார். நல்ல உயரம், நிறைந்த பக்கம். கையெழுத்துப் போட்டார்.

பாஸ்குவுக்கு முந்தின தபசுகாலத்தில் சுவாமியார் வாடிகளுக்கு வந்து ஒரு கிழமை தங்கினார். வியாழக்கிழமை பஸ்தியானை ஓலைக் கோயிலுக்குள் தனியே அழைத்தார்.

"பிள்ளையின்ர எழுத்து நல்லா வந்திருக்கு, மூப்பர். எல்லாம் நீர் வாசிச்சுத்தானே கையெழுத்து வைச்சீர்?"

"ஒரு எழுத்து விடாம, சுவாமி."

சுவாமியார் ஒரு பக்கத்தைப் புரட்டித் தாமே வாசித்தார். "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தலவிலுக்குப் போனார்கள். நாங்கள் வலை இழுத்தோம். நிறையப் பாரை பட்டது. தங்கச்சிக்குக் காய்ச்சல் இல்லை. கதைக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார்."

பஸ்தியான் கொப்பியைப் பார்த்தார். வாசிக்கவில்லை என்று சொன்னால் ஆறு மாதப் பெருமை போகும். வாசித்தேன் என்றால் மூப்பர் பட்டம் போகும். அருளப்புவின் முழங்கால் கண்ணுக்குள் வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"பிள்ளை சும்மா கட்டி எழுதியிருக்கு, சுவாமி. கதை எழுதுது எண்டு நானும் விட்டுட்டன்."

சுவாமியார் யூஜீனியாவைக் கூப்பிட்டார். "இது நடந்ததா மகள், நடக்காததா?"

பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நடக்காதது, சுவாமி" என்றாள்.

"பெற்ற தகப்பன் மேல பொய்ப்பழி எழுதின பிள்ளைக்கு இந்தப் பாஸ்குவுக்குப் புதுநன்மை இல்லை" என்றார் சுவாமியார். மகளைப் பார்த்துச் சொன்னாலும், அவர் கண் பஸ்தியானை விட்டு அசையவில்லை.

அன்று மத்தியானம் அனஸ்தாசியா சோற்றுக் கோப்பையை வைத்தாள். "பத்து வயசுப் பிள்ளைக்குப் பின்னால ஒளிச்சிருக்கிறீங்க. பெரிய ஆம்பிளைக்கு நல்ல ஒளிப்பிடம்" என்றாள். அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

சனிக்கிழமை வலை காயப் போட்டாயிற்று. யூஜீனியா பெட்டிக்கு முன்னால் வழக்கம்போல வந்து அமர்ந்தாள். நெடுநேரமாகியும் பேனா மையில் படவில்லை.

"எழுதயில்லையா?"

"என்ன எழுத வேணும் எண்டு சொல்லுங்க அப்பா. நீங்க சொல்றதை எழுதுறன்."

குத்திக் காட்டுகிற குரல் அல்ல அது. கேட்டு நடக்கிற குரல். குத்தியிருந்தால் ஓர் அதட்டுப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார். பிள்ளையைத் தள்ளியிருக்கச் சொல்லிவிட்டுப் பேனாவைத் தாம் எடுத்தார். சுக்கான் பிடித்த கைக்குள் அது நழுவியது. பொழுது சாயும்வரை குனிந்திருந்து நாலு வரி எழுதினார். இரண்டு தாள் கிழிந்தது. ஆட்கள் கடந்து போனார்கள். அவர் நிமிரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சனம் கலையுமுன் பஸ்தியான் எழுந்து, தாளை அருளப்புவிடம் நீட்டினார். அருளப்பு ஐந்தாம் வகுப்புப் படித்தவர்.

"நீங்க வாசியுங்க, அண்ணன்."

"எனக்கு எதுக்கு, சம்மாட்டியார்?"

"உங்களுக்குத்தான்."

அருளப்பு உரக்க வாசித்தார். "ஞாயிற்றுக்கிழமை வலை இழுத்தவன் நான். என் மகள் எழுதினது உண்மை. அதை வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். பிறகு அவளைப் பொய்க்காரி ஆக்கினேன்."

அருளப்பு தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நிக்கிற இடம் தெரியும்தானே, மூப்பர்? போன முறை நீங்கதான் எனக்குக் காட்டினீங்க."

பஸ்தியான் வாசலுக்குப் போய் முழங்காலிட்டார். மணல் சுட்டது. செபமாலையைப் பெண்கள் தொடங்கினார்கள். அவருடைய சொந்த ஆட்கள் முப்பது பேரும், அவரைக் கண்டு எழுந்து நின்று பழகியவர்கள், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கடலைப் பார்த்தார்கள்.

செபம் முடிந்தும் பஸ்தியான் எழுந்திருக்கவில்லை; சுவாமியார் புதுநன்மைப் பிள்ளைகளின் பெயர்களை வாசித்தார். யூஜீனியாவின் பெயர் கடைசியாக வந்தது. வெளியே மணலில் இருந்த பிள்ளை எழுந்து, பாடம் ஒப்புவிக்க உள்ளே சுவாமியாரிடம் போனாள். வாசலைக் கடக்கும்போது தகப்பன் மேல் சட்டை படாமல் ஒதுங்கி, அவர் முகத்தைப் பாராமல் போனாள். அவருக்கு வெட்கம் வேண்டாம் என்றுதான் அப்படிப் போனாள். அது அவருக்கு விளங்கியது. விளங்கியபின் தலை இன்னும் தாழ்ந்தது.