ஆற்று மணலில் நின்ற ஆமை

சின்னம்மாவைக் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டிரைவர் என்றார் அப்பா. எந்த பஸ் என்று எங்கள் ஊர் மத்தூரில் எல்லோரும் கேட்டார்கள். பஸ் இல்லை, லாரியும் இல்லை, காட்டில் மரம் இழுக்கிற வண்டி என்று அப்பா விளக்குவார். மாட்டுவண்டியா என்று கேட்டுவிட்டுப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

மாப்பிள்ளையாக வந்த சித்தப்பா யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். பர்மா எல்லையில் ரோடு போடும் படையில், டயர் இல்லாமல் இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலியில் ஓடும் டிராக்டரை ஓட்டக் கற்றுக்கொண்டார். யுத்தம் முடிந்ததும் அந்த வண்டிகளையெல்லாம் ஏலம் விட்டார்கள். கிருஷ்ணகிரியில் மரமண்டி வைத்திருந்த ஒரு பாய் அதில் ஒன்றை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் அதை ஓட்ட ஆள் வேண்டும் என்பது அவருக்கு நினைவு வந்ததாம். அப்படித்தான் சித்தப்பா அஞ்செட்டிக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கல்யாணம் முடிந்ததும் சின்னம்மாவும் போனாள். அந்தக் கோடை விடுமுறையில், தனியாக இருக்கிறாளே என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். யாருக்கு யார் துணை என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த வண்டியை முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திருப்புவதற்குச் சக்கரம் இல்லை. இரண்டு நெம்புகோல்கள்தான் இருந்தன. இடது பக்கத்தை இழுத்தால் இடது சங்கிலி நின்றுவிடும், வண்டி இடப்பக்கம் திரும்பும். மெதுவாகத்தான் போகும், ஆனால் எதற்கும் நிற்காது. காட்டுக் கூலிகளில் பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் கன்னடம். வண்டிக்கு ஆமை என்று பேர் வைத்ததில் மட்டும் அவர்களுக்குள் தகராறே வரவில்லை, இரண்டு மொழியிலும் அது ஏறக்குறைய ஒரே சொல். கோடாலியால் வெட்டிச் சாய்த்த மரத்தைக் கம்பி வடத்தில் கட்டினால், ஆமை அதை இழுத்துக்கொண்டு காட்டிலிருந்து இறங்கி, வறண்ட ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையில் லாரி நிற்கும் இடத்தில் கொண்டுபோய்ப் போடும். எங்கள் குடிசையும் அந்தக் கரையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் மேஸ்திரி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைப்பார். பெண்பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சோறு கொண்டுபோகும் சின்னம்மா தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். பகல் முழுவதும் அப்படித்தான் நின்றாள். சாயங்காலம் கூலிகள் எல்லோரும் குடிசைக்குத் திரும்பிய பிறகு கதையே வேறு. சின்னம்மா மேலே ஏறி உட்கார்ந்துகொள்வாள். சித்தப்பா பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லிக்கொடுப்பார். புதுமாப்பிள்ளை பெண்டாட்டிக்குக் காட்ட வேறு என்ன இருந்தது அந்தக் காட்டில்? சினிமாக் கொட்டகைக்குப் போவதென்றால் கிருஷ்ணகிரிக்கு அல்லவா போக வேண்டும். வெளியில் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

சித்தப்பா பர்மாவிலிருந்து இன்னொன்றும் கொண்டுவந்திருந்தார், குளிர்காய்ச்சல். சொல்லாமல் வரும், ஆளை உலுக்கிப் போட்டுவிட்டுப் போகும். அஞ்செட்டிச் சந்தை நாள் ஒன்றில் கூலிகள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். ஒரு மரத்தையாவது கரை சேர்த்துவிடலாம் என்று தனியாக வண்டியை எடுத்த சித்தப்பாவுக்கு, நடு ஆற்றில் குளிர் வந்துவிட்டது. வண்டியை அங்கேயே அணைத்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு குடிசைக்கு வந்து விழுந்தார். வீட்டிலிருந்த கம்பளி, சாக்கு, சின்னம்மாவின் கல்யாணப் போர்வை எல்லாவற்றையும் போட்டு மூடினோம். அதற்குள்ளேயும் பல் கிட்டியது.

மதியத்துக்கு மேல் மைசூர்ப் பக்கத்து மலைகளில் வானம் கறுத்திருந்தது. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். ஆடு மேய்க்கும் ஒருவர் ஆற்றோரமாக ஆடுகளை விரட்டிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்து, "நீரு பந்து, நீரு பந்து" என்று கத்திவிட்டு நிற்காமல் போய்விட்டார். தண்ணீர் வருகிறது என்று புரிந்துகொள்ள அதற்குமேல் கன்னடம் தேவைப்படவில்லை.

சித்தப்பா எழுந்தார். இரண்டடி வைத்ததும் கால் மடங்கி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "வண்டி போச்சுன்னா என்னையும் பாய் தண்ணியிலயே போடட்டும்" என்று பல் கிட்டப் புலம்பினார். சின்னம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, போகாதே என்று சொல்லவும் யாருக்கும் நேரமில்லை.

ஆமையைக் கிளப்புவது சுலபமான காரியம் இல்லை. அதற்குள் இரண்டு எஞ்சின்கள். சின்ன எஞ்சின் பெட்ரோலில் ஓடும். கயிறு சுற்றி இழுத்து முதலில் அதைக் கிளப்ப வேண்டும், அது சூடாகிப் பெரிய எஞ்சினை எழுப்பும், எழுந்ததும் சின்னதின் பெட்ரோலை மறக்காமல் மூடிவிட வேண்டும். சின்னம்மா கயிற்றைச் சுற்றி இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் இழுத்தாள். கயிறு கையை அறுத்தது. நான் ஆற்றின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் சின்னம்மா" என்று அழ ஆரம்பித்தேன்.

"அவசரப்பட்டா அது எந்திரிக்காது பாப்பா. நீ சும்மா இரு" என்றாள். குழந்தையைத் தூங்கவைக்கிறவள் போலத்தான் பேசினாள்.

கடைசியில் சின்ன எஞ்சின் இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அது சூடாகும்வரை சின்னம்மா அதன் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அது ஒரு யுகம். அப்புறம் பெரிய எஞ்சின் புகையைக் கக்கி எழுந்தது. மேலே ஏறி உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினாள். ஆமை முன்னே போவதற்குப் பதிலாக மணலைத் தோண்டிக்கொண்டு கீழே இறங்கியது. பின்னால் கட்டியிருந்த மரம் ஈரமணலில் புதைந்திருந்தது. அதையும் இழுத்துக்கொண்டு ஏற வண்டியால் முடியவில்லை.

அப்போது ஆற்று வளைவில் ஒரு கோடு தெரிந்தது. நுரையும் சருகும் குச்சியுமாக, பாம்பு மாதிரி நெளிந்து வந்தது. பார்க்க ரொம்பச் சாதுவாக இருந்தது. அதற்குப் பின்னால் வந்த சத்தம்தான் சாதுவாக இல்லை.

வடத்தைக் கழற்ற வேண்டும். விறைத்து நின்ற வடத்தின் கொக்கி அசையவில்லை. சின்னம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே, வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். வடம் தளர்ந்து மணலில் தொய்ந்து விழுந்தது. "இப்பக் கழட்டு பாப்பா" என்றாள். இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. என்னை ஒரு கையால் மேலே தூக்கிப் போட்டுக்கொண்டாள். அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஆமை தோண்டிய குழியிலிருந்து முக்கி எழுந்து கரையைப் பார்த்து நடந்தது. சங்கிலிகளுக்கு அடியில் தண்ணீர் வந்துவிட்டது. சேறும் கிரீஸும் எங்கள் மேல் வாரி அடித்தது. சின்னம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பயத்தில் அல்ல, நிஜமாகவே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கரையில் சித்தப்பா கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஒரு புங்கமரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். எப்படி வந்து சேர்ந்தாரோ. கையை வீசி வீசி இடது, வலது என்று எதையோ கத்திக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. வண்டி அவர் மூக்குக்கு முன்னால் போய் நின்ற பிறகும் அவர் கை நிற்கவில்லை. எஞ்சினை அணைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பெட்ரோலு மூடுனியா?"

"மூடிட்டேன்" என்றாள் சின்னம்மா.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். எங்களுக்குப் பின்னால் ஆறு இரண்டு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் விட்டுவந்த மரம் முதலை மாதிரி ஒரு தடவை தலையைத் தூக்கிக் காட்டிவிட்டு மிதந்து போயிற்று.

மறுநாள் காலையில் மேஸ்திரியோடு பாய் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், எப்போதும் வெற்றிலை போட்ட வாய். வண்டி கரையில் நிற்பதையும், கரை ஏறிய இடத்தில் அது விட்டிருந்த தடத்தையும் பார்த்தார். மரம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடிசைக்கு வந்து சித்தப்பாவின் தோளைத் தட்டினார்.

"இந்தக் காய்ச்சல்ல எந்திரிச்சு வந்து வண்டியக் கரையேத்தியிருக்கியே தம்பி. வேற ஒருத்தனா இருந்தா படுத்துக் கெடந்திருப்பான்."

"அது வந்துங்க பாய்..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மா, "சொன்னா கேட்டாத்தானுங்க. கம்பளியோட ஓடிட்டாரு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு மாம்பழத் துண்டு வந்து விழுந்தது. அதை மென்று முடிப்பதற்குள் இன்னொன்று. அடுத்த வண்டி வாங்கினால் அதற்கும் நீதான் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் பாய் கிளம்பினார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பெரிய பாராட்டு கிடைத்த ஆள் மாதிரியே அவர் இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன் சின்னம்மா பொய் சொன்னே?" என்றேன். "பொய்யா? அவரு கம்பளியோட ஓடி வந்தது நெசந்தானே" என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று வெயில் ஏறியதும் சித்தப்பா எழுந்தார். மூலையில் சுருட்டிப் போட்டிருந்த சின்னம்மாவின் புடவையை எடுத்தார். சேறும் கிரீஸும் அப்பி அது புடவை மாதிரியே இல்லை. குடிசைக்குப் பின்னாலேயே ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அங்கே போகாமல், சவுக்காரக் கட்டியோடு நேராக ஆற்றுக்குப் போனார். வடிந்திருந்த ஆற்றில் கூலிகள் அத்தனை பேரும் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு கல்லில் பெண்டாட்டியின் புடவையைப் போட்டுத் துவைக்க ஆரம்பித்தார். ஆம்பளை புடவை துவைக்கிற காட்சியை அந்தக் காடு அதற்குமுன் பார்த்திருக்காது. மேஸ்திரி கன்னடத்தில் எதையோ சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. கிரீஸ் கறை போகிறவரை துவைத்தார். இன்னும் கொஞ்சம் துவைத்தார். பிறகு எல்லோர் கண்ணிலும் படும்படி ஆமையின் மேலேயே அதை விரித்துக் காயப்போட்டார்.

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அவருக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.