கீழ்த்தளத்துக்குப் போன தயிர்

மேசையில் உட்கார்ந்து சாப்பிட நான் கற்றுக்கொண்டது ஒரு கப்பலில். அதுவரை எங்கள் வீட்டில் தரையில் பாய் விரித்துத்தான் சாப்பிட்டோம். அப்பா மலாயாவில் பெம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஆபீசில் துரைக்கு அடுத்தபடி அவர்தான் என்று நாங்கள் நம்பினோம்; துரைக்கும் அவருக்கும் நடுவே எத்தனை படிகள் இருந்தன என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. சித்தப்பாவின் கல்யாணத்துக்காக அவருக்கு நீண்ட விடுப்பு கிடைத்தது. பத்து வருஷம் கழித்து ஊருக்குப் போகிறவர் கீழ்த்தளத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு போவதா என்று எங்கள் மூவருக்கும் இரண்டாம் வகுப்பில் இடம் எடுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்களுடைய பிள்ளைகள் செய்த தவறுகளுக்காக அவர்களைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்திருக்கிறேன். அந்தக் கப்பலில் நான் செய்ததை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவளும் போய்விட்டாள். இனி யாரிடமாவது சொல்லவேண்டும் என்றால் எழுதித்தான் சொல்லவேண்டும்.

அது மலாயாவின் அவசரகாலம். வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டையிட்டுக் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்பதற்காக எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, போக வர ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் யாரும் அரிசி வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுக் கொட்டகையில் சமைத்துச் சோறாகத்தான் கொடுத்தார்கள். அந்தச் சோற்றில் ஒரு பருக்கைகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்கள் காலையில் வரிசையில் நின்று வாளியைக் கவிழ்த்துக் காட்டுவார்கள். வெறும் கடுங்காப்பியோடு போய், வேலை முடிந்து திரும்பி வந்த பிறகுதான் சாப்பாடு.

பள்ளி விடுமுறையில் நானும் அப்பாவோடு கேட்டில் போய் நிற்பேன். ஒரு நாள் ஒரு பெண்ணின் தலைத்துண்டு வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே வாழையிலையில் இரண்டு கவளம் சோறு இருந்தது. அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துரை என் கன்னத்தைத் தட்டி ஒரு டின் பிஸ்கட் கொடுத்தார். பிஸ்கட் நன்றாக இருந்தது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. சோற்றை வெளியே கொண்டு போகிறவர்கள் கெட்டவர்கள், அதைப் பார்த்துச் சொல்கிறவன் நல்லவன். உலகத்தைப் பற்றி எனக்கு அன்று தெரிந்தது இவ்வளவுதான்.

கப்பலின் சாப்பாட்டு அறையில் மேசைகளைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். தட்டு வழுக்கி விழாமல் இருக்க மேசையின் ஓரங்களில் விரல் உயரத்துக்கு மரச்சட்டம் இருந்தது. எங்களுக்கு ஐந்தாம் எண் மேசை. நாங்கள் மூன்று பேர். மலாக்கா டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர். தனியாக வந்த ஒரு பெண். யார் யாரோடு உட்காருவது என்று கப்பல்காரர்களே தீர்மானித்திருந்தார்கள். இறங்கும் வரை அதே நாற்காலிதான், அதே முகங்கள்தான்.

ஜவுளிக்கடைக்காரர் இருந்ததால் மேசை கலகலப்பாக இருந்தது. என்னைச் சின்னக் கிராணி என்றுதான் கூப்பிடுவார்.

"சின்னக் கிராணி, அந்த முள்ளுக் கரண்டிய வச்சிட்டுக் கையாலயே சாப்பிடுலா. நீ அதப் புடிச்சிருக்கிறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு, ஒங்கப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு."

அந்தப் பெண் அதற்குச் சிரித்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். மெலிந்த உடம்பு, பருத்திச் சேலை, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். அம்மாவை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டார். நான் அவரை அத்தை என்று கூப்பிட வேண்டும் என்றாயிற்று.

"வீட்டுக்காரரு வரலியாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்காருக்கா" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. அம்மாவும் தோண்டிக் கேட்கவில்லை. அவர் பேச்சை மாற்றுவதுபோல் தன் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். "தம்பி, இதையும் நீங்க சாப்பிடுங்க. எனக்குக் கப்பல் ஆட்டத்துல ஒண்ணும் எறங்கல." அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அவருடைய அப்பளம் எனக்கு வந்தது. நானும் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

ஆனால் அவருக்கு ஒன்றும் இறங்கவில்லை என்பது பொய். பினாங்கை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் கவனித்து வந்தேன். குழம்பு ஊற்றிய சோற்றில் இரண்டு வாய் சாப்பிடுவார். கடைசியில் தயிர் வரும். ஆளுக்கொரு சிறு கிண்ணம். அதைச் சோற்றில் விட்டுக் குழந்தைக்குப் பிசைவதுபோல் வெகுநேரம் பிசைவார். எல்லோரும் கைகழுவ எழுந்திருக்கும் சமயத்தில் அந்தச் சோறு தட்டில் இருக்காது. மடியில் முந்தானைக்கு அடியில் ஓர் எனாமல் கிண்ணம் இருந்தது. அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும்புப் படியில் இறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போவார்.

மூன்றாம் நாள் மதியம் கிண்ணம் முந்தானைக்குள் போகிற நேரம் பார்த்து நான் சொன்னேன். கேட்டில் சொல்வதுபோலவே, எல்லோருக்கும் கேட்கும்படி.

"அப்பா, இவங்க சோத்த வெளிய கொண்டு போறாங்க."

பக்கத்து மேசைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. சாப்பாட்டு அறையைக் கவனித்த பட்லர் வந்து கிண்ணத்தை மேசைமேல் வைக்கச் சொன்னார். இரண்டாம் வகுப்புச் சாப்பாட்டைக் கீழே கொண்டு போகக் கூடாது என்பது கப்பலின் விதி. இப்படி ஒரு விதி உண்மையிலேயே இருந்தது எனக்குப் பெரிய வெற்றியாகத் தோன்றியது.

ஜவுளிக்கடைக்காரர் சமாளிக்கப் பார்த்தார். "விடுங்கலா. நடுக்கடல்ல எந்தக் காட்டுக்குச் சோறு போகப் போவுது?"

அந்தப் பெண் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுக்காரரு கீழ இருக்காரு. வயித்துல புண்ணு. கீழ போடுற பருப்பு ஒரே காரம், சாப்பிட்டா ரத்தமா வருது. தயிர்ச்சோறு ஒண்ணுதான் தங்குது. எம் பங்கத்தான் எடுக்குறேன். வேற யாரோடதையும் தொடல."

"நீங்க மேல, அவரு கீழயா?" என்று அப்பா கேட்டார்.

"தனியாப் போறேனேன்னு அண்ணன்தான் பயந்துகிட்டு எனக்கு இதுல டிக்கெட் எடுத்திருச்சி. அவர புடிச்சு வச்சிருந்த கேம்புலேர்ந்து நேரா கொண்டாந்து ஏத்திட்டாங்க."

"எந்தத் தோட்டம்?"

"செலண்டார் பக்கம்."

"என்ன கேசு?"

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "அரிசிதாங்க" என்றார். "குடுக்காட்டி அவங்க சுடுவாங்க. குடுத்தா இவங்க புடிப்பாங்க."

அப்பா தட்டைச் சற்று நகர்த்தி வைத்தார். ஜவுளிக்கடைக்காரர் தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார். நாடு கடத்தப்பட்ட ஒருவரின் மனைவியோடு மூன்று நாளாக ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. எனக்கு விளங்கவில்லை. துரை இல்லாத இடத்தில் எனக்கு பிஸ்கட் யார் கொடுப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பட்லரிடம் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணே எழுந்துகொண்டார். "நானே வேற எடத்துக்குப் போயிர்றேங்கய்யா." கிண்ணத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். கப்பல் ஆடியபோது அது நகர்ந்து வந்து, என் பக்கத்துச் சட்டத்தில் இடித்து நின்றது.

அப்பாவைக் கொடியவர் என்று நினைத்துவிட வேண்டாம். அன்று சாயங்காலம் மேல்தளத்தில் அம்மாவிடம் அவர் பேசியது என் காதில் விழுந்தது. "திரும்பிப் போக பெர்மிட் குடுக்குறவன், யாரோட பழகினன்னு கேட்டா நான் என்ன சொல்றது? வேல வேணுமா வேணாமா?" அம்மா, "வேணும்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு மூலையில் தனி மேசை கொடுத்தார்கள். பட்லர் அடிக்கடி அந்தப் பக்கம் நடந்தார். அந்தப் பெண் இப்போது தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டார். சாப்பிடாமல் எழுந்தாலும் எடுத்துப் போக வழியில்லை. தயிரை மட்டும் தொடமாட்டார். அது கிண்ணத்திலேயே இருந்து திரும்பிப் போகும். எனக்கு அப்பளம் வருவது நின்றுவிட்டது. அது ஒன்றைத்தான் நான் இழப்பாக உணர்ந்தேன்.

மறுநாளிலிருந்து அம்மா தன் தயிரைச் சாப்பிடுவதை விட்டாள். அதில் கொஞ்சம் வெறுஞ்சோறு போட்டு, தட்டால் மூடி ஓரமாக வைப்பாள். பரிமாறுகிறவர் ஒரு நாகூர்க்காரர். அவர் மற்ற தட்டுகளோடு அதையும் எடுத்துக்கொள்வார். கப்பல் ஆட்கள் எதைக் கொண்டு எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அம்மா அவரிடம் குனிந்து ஏதோ சொல்வாள். அந்த நேரத்தில் அப்பா ஒவ்வொரு வேளையும் வட்டச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அங்கே கடல் மட்டும்தான் தெரியும்.

அம்மாவுக்கு வேண்டாத தயிர் ஏன் வீணாகப் போகவேண்டும் என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது. கேட்டேன். "வேணாம்பா, அது இருக்கட்டும்" என்றாள். நான் விடவில்லை. குரலை உயர்த்தி அழ ஆரம்பித்தேன். பட்லர் திரும்பிப் பார்த்தார். அம்மா மூடியிருந்த தட்டை எடுத்துவிட்டுக் கிண்ணத்தை என் முன்னால் தள்ளினாள். அதை வழித்துச் சாப்பிட்டேன். மூலை மேசையிலிருந்து அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயிறு நெறஞ்சிச்சா?" என்று அம்மா கேட்டாள்.

நிறைந்துவிட்டது என்றேன்.

கீழ்த்தளத்தில் கிடந்த அந்த மனிதர் பிறகு எத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்று எனக்குத் தெரியாது. பெரியவனான பிறகு விசாரித்திருக்கலாம். செலண்டார் பக்கத்துப் பள்ளியிலேயே சில வருஷம் வேலை பார்த்தேன். கேட்டிருந்தால் சொல்ல ஆள் இருந்திருக்கும். கேட்கவில்லை. நல்ல செய்தியாக இராது என்ற பயம்தான். வேறு காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அவரை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டிப் போகாது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள் வந்து ஆட்களை இறக்கிக்கொண்டு போகும். காலை வெயிலில் ஏணிக்குப் பக்கத்தில் எல்லா வகுப்புக்காரர்களும் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றோம். அப்பா பெட்டிகளோடு முன்னால் இருந்தார். கூட்டத்தில் அந்தப் பெண் ஓர் ஆளைத் தோளில் தாங்கிப் பிடித்தபடி வந்தார். அந்த ஆளின் சட்டைக்குள் உடம்பு இருப்பதாகவே தெரியவில்லை. ஆனால் முகத்தை மழித்து, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். ஊரில் இறங்குகிறோம் என்று அவருக்கு மனைவி செய்துவிட்ட அலங்காரமாக இருக்கவேண்டும்.

நாகூர்க்காரர் என்னைச் சுட்டிக் காட்டி, "இந்தப் பிள்ளைதான்" என்றார்.

அந்த மனிதர் என் எதிரில் நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு என் தலைமேல் கையை வைத்தார். கை சூடாக இருந்தது.

"நீதானா தம்பி அது? கிராணி வீட்டுப் பிள்ள தன் தயிர ஒங்களுக்குன்னு அனுப்புதுன்னு இந்த அண்ணன் தெனமும் சொல்லும். அதுலதான் கெடந்தேன். நடுவுல ஒரு நாளு வரல. ஒனக்கும் பசிச்சிருக்கும், சின்னப் பிள்ளதானே. பரவால்ல. நல்லா இருக்கணும் நீ."

நான் யாருக்கும் தயிர் அனுப்பவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளை அழுத்தின. "மாமாகிட்ட சரின்னு சொல்லு" என்றாள். சரி என்றேன். அப்பாவின் பேரையும் தன் பேரையும் சொல்ல முடியாமல் அவள் என் பேரைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்பதை அப்போது நான் எங்கே அறிந்தேன். பெரியவர்கள் எதையோ தவறாக நினைத்துக்கொண்டு என்னைப் பாராட்டுகிறார்கள். கெட்டிக்காரப் பையன் என்றால் அதை மறுக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவரைத்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கை என் தலையிலிருந்து எடுபட்டுவிடும். அவர் கணவரின் கையை மெல்ல எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க, படகு வந்திருச்சி" என்றார். என்னிடம், "வர்றேன் தம்பி" என்றார், அப்பளம் கொடுத்த நாளில் பேசிய அதே குரலில்.

இரண்டு பேரும் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதை அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.