தையல்காரரின் இடுப்பளவு

எங்கள் தெருமுனைத் தையல்காரருக்கு வயது ஐம்பத்தொன்று. தும்மல் வந்தால்கூட கைக்குட்டைக்கு முன் செல்போனை எடுத்து, அது என்ன நோய் என்று தேடுவார். ஆண்டுக்கொருமுறை, ஜனவரி முதல் தேதியில், தன் இடுப்பை அளந்து அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவார். மூன்று வருடங்களுக்கு முன் முப்பத்தாறு அங்குலம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இந்த ஜனவரியில் முப்பத்தைந்து.

உடம்பு ஏன் காரணமில்லாமல் மெலிகிறது என்று இணையத்தில் தேடினார். வந்த பதில்களில் மிகக் கொடியதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மனைவியைக் கடையில் உட்காரவைத்து, "எனக்கப்புறம் இந்த மெஷினை மட்டும் வித்துடாதே" என்றார்.

அந்த அம்மாள் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டார்: "இடுப்பு குறைஞ்சா பேண்ட் நழுவணுமே. மூணு வருஷமா இதே பேண்ட், இதே கொக்கி. எங்க நழுவுது?"

"அப்ப டேப் பொய் சொல்லுதா?"

"அது வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

மூன்று வருடம். வெட்டுமேசையிலிருந்த இரும்பு ஸ்கேலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். டேப்பின் முப்பத்தைந்து, ஸ்கேலின் முப்பத்தாறில் நின்றது. இழுத்து இழுத்து டேப்தான் நீண்டிருந்தது. ஆளையும் துணியையும் அதே டேப்பால் அளந்ததால் ஒரு சட்டையும் பிசகவில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று மதியம் மூன்று நாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார். பெரிதாக ஏப்பம் வந்தது. கை செல்போனைத் தேடியது. மனைவி அதை முன்பே பட்டன் டப்பாவில் போட்டு மூடியிருந்தார்.