கோடு போட்ட சோப்பு

அந்த வீட்டில் எந்தப் பழி கிளம்பினாலும் அவள் கையில்தான் வந்து உட்காரும். சோப்புக் கொட்டகையில் பத்தொன்பது வருஷமாக அச்சு அழுத்துகிறவள். அச்சுக்காரி என்றே பெயராகிவிட்டது. வீட்டுக்கு இளைய மருமகள். கொட்டகை அவள் கணவனின் அண்ணனுடையது. அந்த மூத்தாருக்கு ஒரே மகள். அந்த மகளைக் கட்டியவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன் பித்தளை அச்சு அவள் கைதவறி இயந்திரத்தின் இரும்புக் காலில் விழுந்தது. அடிபட்ட இடம் பிதுங்கி மேடு தட்டிவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு சோப்பிலும் கம்பெனிப் பெயருக்குக் குறுக்கே சாய்வாக ஒரு பள்ளக் கோடு. புது அச்சு வெட்ட மூத்தாருக்கு மனசு வரவில்லை. குத்திக்காட்ட மட்டும் வந்தது. யார் வந்தாலும், "எங்க வீட்டு மகாராணி போட்ட கோடு" என்று எடுத்துக் காட்டுவார்.

இந்த வருஷம் மாப்பிள்ளை கம்பெனிக்கு லோகோ வரைந்தார். உதிக்கிற சூரியன், அதற்குள் பறவை, பறவைக்குக் கீழே இரண்டு கை, கையிலிருந்து ஐந்து துளி, சுற்றிலும் ஒரு கொடி. வாசல் போர்டில் ஆளுயரத்துக்கு அது கண்ணைப் பறித்தது, பொய் சொல்லக்கூடாது. அதையே மூன்று விரல் அகலத்துக்குச் சுருக்கி அச்சு வெட்டிக்கொண்டு வந்தார்கள். அழுத்தினால் மிதிபட்ட தக்காளி.

"அழுத்தம் பத்தல," என்றார் மாப்பிள்ளை.

பலமாக அழுத்தினாள், சூரியன் பறவையை விழுங்கியது. மெல்ல அழுத்தினாள், கொடி மட்டும் நின்றது, பூரான் மாதிரி.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ள. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல மூச்சு விட இடமில்ல. சோப்பு போய் அடைச்சுக்குது. நூறு கட்டிக்கு ஒரு தடவ ஊசியால நோண்ட வேண்டியிருக்கு."

"டிசைன் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் சின்ன அத்த? பழைய அச்சக் கீழ போட்ட கைதானே இது?"

மூத்தார் தலையாட்டினார். மறுநாள் அச்சில் வேறொருத்தி நின்றாள். அச்சுக்காரி காகிதம் சுற்றும் மேசைக்குப் போனாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கோணலாகக் கட்டியவரே ஆடுகிறவளைக் குறை சொல்லிவிட்டார்!

மூன்றாம் வாரம் பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பியது. கூடவே கடைக்காரரும் வந்துவிட்டார்.

"போலி சோப்ப வித்துட்டேன்னு சண்டைக்கு வராங்கய்யா! கோடு போட்ட சோப்புதான் வேணுமாம். கண்ணு தெரியாத ஒருத்தர் விரலால தடவிப் பாத்துட்டு, 'இது அது இல்ல'ன்னு திருப்பிக் குடுக்கறாரு. உங்க கம்பெனி பேரு யாருக்குத் தெரியும்? பாதி தேஞ்சாலும் அந்தக் கோடு நிக்கும். அதான் அடையாளம்."

மாப்பிள்ளை தாடையைத் தடவினார்.

"லோகோவ மாத்திடலாம். ஒரு வட்டம், குறுக்க ஒரு கோடு. போர்டு, பெட்டி, ரசீது, எல்லாத்துக்கும் பொருந்தும். கறுப்பு மையில அடிச்சாலும் பளிச்சுனு தெரியும். நான் மொதல்லயே இப்படித்தான் நினச்சேன்."

அச்சுக்காரிக்கு உச்சந்தலைவரை எரிந்தது. ஆறு வருஷமாக அவள் குற்றமாக இருந்த கோடு, ஊர் கேட்கிறது என்றதும் அவர் மூளையில் பிறந்துவிட்டதா?

"சரி சரி, நீ போய்ப் பழைய அச்ச மாட்டும்மா," என்றார் மூத்தார்.

"மாட்டறேன் மாமா. அதுக்கு முன்ன, என் கையில குத்தமில்லன்னு மாப்பிள்ள எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்."

"மாப்பிள்ளையப் போயி..."

"ஏன், மாப்பிள்ளைன்னா நாக்கு சுளுக்கிக்குமா?"

அவள் பாட்டுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சரக்கில்லாமல் போகமாட்டேன் என்று ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். கடைசியில் மாப்பிள்ளை சுவரைப் பார்த்து ஏதோ முனகினார்.

"சுவரு அச்சு அழுத்தாது மாப்பிள்ள. இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார். "உங்க கையில குத்தமில்ல அத்த. என் படம்தான் சரியில்ல." கோடியில் பெட்டி ஒட்டுகிறவளுக்கும் அது கேட்டது.

அச்சுக்காரி எழுந்தாள். பழைய அச்சைத் துணியால் துடைத்து மாட்டினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாமா, இது யாரு போட்ட கோடுன்னு இனிமே எவராவது கேட்டா, பழையபடியே சொல்லுங்க. ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."